கடவுளாகிப் போன வரலாற்று டீச்சர்

1964 மே 23, சனிக்கிழமை மாலை. பிபிசி தொலைக்காட்சியில் ஒரு கல்லறை தெரிகிறது. உள்ளே ஒரு பூசாரியின் சடலம், பக்கத்தில் அணிகலன்கள். லண்டன் பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாறு நடத்தும் பார்பரா ரைட் அங்கிருந்த வளை ஒன்றை எடுத்துத் தன் கையில் மாட்டிப் பார்க்கிறார். மெக்சிகோவின் அஸ்டெக் மக்களைப் பற்றி விரும்பிப் படித்தவர் அவர். கண்ணெதிரே அசலே கிடக்கும்போது கை சும்மா இருக்குமா? கல்லறையின் கதவு திறக்கிறது, அவர் வெளியே வருகிறார், பிடிபடுகிறார். கல்லறையைத் தீண்டியதற்குத் தண்டனை கொடுக்க வந்தவர்களின் கண் அந்த வளையில் விழுகிறது. செத்துப்போன யெடாக்சா என்ற மகாபூசாரி பெண்ணுருவில் திரும்பி வந்துவிட்டார் என்று முடிவாகிவிடுகிறது. நேற்றுவரை கரும்பலகைக்கு முன்னால் நின்றவர், இன்று தலையில் இறகு முடியோடு சிம்மாசனத்தில்.

'டாக்டர் ஹூ' தொடரின் ஆறாவது கதையான 'தி அஸ்டெக்ஸ்' இப்படித்தான் தொடங்குகிறது. நான்கு வாரங்கள், நான்கு பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 நிமிடம், எல்லாம் கறுப்பு வெள்ளை. ஜூன் 13 அன்று முடிந்தும் போனது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடும் அந்தத் தொடரில் எத்தனையோ கிரகங்கள் வெடித்திருக்கின்றன, எத்தனையோ அரக்கர்கள் வந்து போயிருக்கிறார்கள். வேற்றுக்கிரகவாசி ஒருவர்கூட ஊருக்குள் படையெடுக்காத இந்தச் சின்னக் கதை மட்டும் ரசிகர்களின் பட்டியல்களில் இன்றும் இடம்பிடிக்கிறது. இதில் எதிரி என்று ஓர் அரக்கன் இல்லை. ஒரு நல்ல எண்ணம்தான் இருக்கிறது.

தொடரைத் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு முன்கதை. பிபிசியின் நாடகப் பிரிவுத் தலைவராக வந்த கனடாக்காரர் சிட்னி நியூமன், சனிக்கிழமை மாலையில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கும்படி ஒரு தொடர் வேண்டும் என்றார். தயாரிப்புப் பொறுப்பு வெரிட்டி லாம்பர்ட் என்ற பெண்ணிடம் போனது. அப்போது அவருக்கு 27 வயது. பிபிசியின் நாடகப் பிரிவில் பெண் தயாரிப்பாளர் என்று வேறு யாரும் இல்லை. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர். இளம்பெண் ஒருத்தியும் இந்திய இளைஞர் ஒருவரும் இந்த வேலையை எப்படிச் செய்து முடிக்கிறார்கள் பார்ப்போம் என்று கட்டடமே கையைக் கட்டிக்கொண்டு நின்றது. 1963 நவம்பர் 23 அன்று முதல் பகுதி ஒளிபரப்பானது. அதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். தொடரைக் கவனித்தவர்கள் குறைவு என்று அடுத்த வாரம் முதல் பகுதியையே மறுபடி போட்டார்கள்.

டாக்டர் என்ற பெயரில் மட்டுமே அறியப்படும் ஒரு கிழவர். வெளியே போலீஸ் தொலைபேசிக் கூண்டாகவும் உள்ளே பெரிய மண்டபமாகவும் இருக்கும் டார்டிஸ் என்ற காலயந்திரம். அவருடைய பேத்தி சூசன். சூசன் படித்த பள்ளியின் ஆசிரியர்கள் இருவர், இந்தப் பெண் எங்கே வசிக்கிறாள் என்று துருவப் போய் யந்திரத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். இயன் அறிவியல் ஆசிரியர், பார்பரா வரலாற்று ஆசிரியை. இந்தப் பாடப் பிரிவினை தற்செயல் இல்லை. எதிர்காலத்துக்குப் போனால் இயன் விளக்குவார், கடந்த காலத்துக்குப் போனால் பார்பரா விளக்குவார், குழந்தைகள் பொழுதுபோக்கோடு நாலு விஷயம் தெரிந்துகொள்வார்கள் என்பதுதான் கணக்கு. பூச்சிக்கண் அரக்கர்கள் வேண்டவே வேண்டாம் என்று நியூமன் கறாராகச் சொல்லியிருந்தார். இரண்டாவது கதையிலேயே, அந்த டிசம்பரில், டெரி நேஷன் எழுதிய டாலெக்குகள் உருண்டு வந்து சேர்ந்தன. குழந்தைகள் பித்துப் பிடித்து அலைந்தார்கள், பார்வையாளர் எண்ணிக்கை ஏறியது, நியூமனின் கட்டளை காற்றில் போனது.

ஆனாலும் வரலாற்றுக் கதைகள் நிற்கவில்லை. அவற்றில் இரண்டை அடுத்தடுத்து எழுதியவர் ஜான் லூக்கரோட்டி. முதலாவது 'மார்கோ போலோ', ஏழு பகுதிகள். அதற்கு அவர் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. கனடா வானொலிக்காக ஏற்கெனவே மார்கோ போலோவைப் பற்றி நீண்ட தொடர் எழுதியிருந்தார். இரண்டாவதுதான் 'தி அஸ்டெக்ஸ்'. லூக்கரோட்டி மெக்சிகோவில் வாழ்ந்தவர். அங்கே இருந்தபோது அஸ்டெக்குகளின் இரட்டை முகம் அவரை விடாமல் துரத்தியது. கால்வாய்களும் மிதக்கும் தோட்டங்களும் வானியல் கணக்கும் தெரிந்த ஒரு சமூகம், கோயில் உச்சியில் மனிதர்களின் நெஞ்சைப் பிளந்து இதயத்தை எடுத்தது ஏன்? இந்தக் கேள்வியைத்தான் பார்பராவின் கையில் அவர் கொடுத்தார்.

கதையின் முடிச்சு எளிமையானது. கல்லறையின் கதவு உள்ளிருந்து மட்டுமே திறக்கும். நால்வரும் வெளியே வந்ததும் அது மூடிக்கொள்கிறது, டார்டிஸ் உள்ளே மாட்டிக்கொள்கிறது. மறுபடி உள்ளே போக வழி தெரியும்வரை பார்பரா தெய்வமாக நடிக்க வேண்டும். மற்றவர்கள் தெய்வத்தின் பரிவாரமாக நடமாடுவார்கள். டாக்டரின் திட்டம் அவ்வளவுதான். நடி, வழி கண்டுபிடி, கிளம்பு.

பார்பரா அங்கேதான் முறுக்கிக்கொள்கிறார். மழைக்காக ஒருவனைப் பலி கொடுக்கப் போகிறார்கள். தெய்வம் சொன்னால் ஊர் கேட்கும். தெய்வம் இப்போது அவர்தான். நரபலியை நிறுத்திவிட்டால், பிற்காலத்தில் ஸ்பானியர் வரும்போது அஸ்டெக்குகளின் நல்ல பக்கத்தை மட்டுமே பார்ப்பார்கள், இந்த நாகரிகம் அழியாமல் தப்பிக்கும் என்று கணக்குப் போடுகிறார். டாக்டர் கொதித்துப் போகிறார். வரலாற்றில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்கிறார். தானே என்றோ முயன்று பார்த்துத் தோற்றவரின் குரல் அது. டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் வசனத்தைத் தடுமாறிச் சொல்வதற்குப் பேர்போனவர்; இந்தக் காட்சியில் அவரிடம் தடுமாற்றமே இல்லை.

பலி நேரம் வருகிறது. பார்பரா எழுந்து நிறுத்தச் சொல்கிறார். குழந்தைகள் தொடர் என்பதால் இங்கே ஆள் காப்பாற்றப்பட்டு, ஊர் கைதட்டி, தெய்வத்துக்கு ஜே போடும் என்று பார்ப்பவர் எதிர்பார்ப்பார். ஆனால் பலியாக வேண்டியவன் அவமானத்தில் குன்றிப் போகிறான். தேவர்களுக்காகச் சாவது அவனுக்குக் கிடைத்த பேறு. அதை ஒரு தெய்வமே பறித்துக்கொண்டதா? மேடையிலிருந்து தானே குதித்துச் சாகிறான். உடனே மழை கொட்டுகிறது. பலி கொடுத்தால் மழை வரும் என்று சொன்ன பூசாரியின் கணக்கு கண்ணெதிரே பலித்துவிடுகிறது. பார்பரா செய்த முதல் நல்ல காரியத்தின் பலன் இதுதான்: சாக இருந்தவன் செத்தான், நம்பிக்கை இன்னும் இறுகியது, அவருக்கு ஒரு பரம வைரி கிடைத்தான்.

அந்த வைரியின் பெயர் ட்லோடாக்சல், பலியிடும் பெரிய பூசாரி. ஜான் ரிங்ஹாம் அதை ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் போலவே செய்திருக்கிறார்: கூனல், நொண்டல், முகத்தில் சாயம், குரலில் நஞ்சு. கொஞ்சம் அதிகம்தான். ஆனால் லூக்கரோட்டியின் சாமர்த்தியம் இங்கே இருக்கிறது. இந்த ஊரில் பார்பராவைப் பற்றி உண்மை சொல்பவன் அந்த வில்லன் ஒருவன்தான். அவள் தெய்வம் இல்லை, போலி என்கிறான். அவள் போலிதான். நல்லவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள். கெட்டவன் மட்டும் முதல் நாளிலிருந்தே சரியாகச் சொல்கிறான். ஒரு கட்டத்தில் பார்பராவே அவனிடம், நான் யெடாக்சா இல்லை, ஆனால் அதை நீ வெளியே சொன்னால் மக்கள் உன்னைத்தான் அழிப்பார்கள் என்று மிரட்டுகிறார். நரபலி கூடாது என்று வந்தவர் நாலு நாளில் அதிகாரத்தின் மொழியைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்.

எதிர்முனையில் ஆட்லாக், அறிவுக்கான பெரிய பூசாரி. கீத் பயட் நடித்தது. நரபலி தேவைதானா என்ற சந்தேகம் அவருக்குள் ஏற்கெனவே முளைவிட்டிருக்கிறது. பார்பராவின் வாயிலிருந்து அதையே கேட்டதும் முழுதாக நம்பிவிடுகிறார். நம்பி, தன் சொத்தை, பதவியை, ஊரில் தனக்கிருந்த இடத்தை எல்லாம் இழக்கிறார். கடைசியில் உண்மையைத் தேடித் தனியாக வனாந்தரத்துக்குப் போகிறார். பார்பரா அவரிடம் பொய்தான் சொன்னார். அந்தப் பொய்யால் ஒரு மனிதர் விழித்துக்கொண்டது நல்லதா கெட்டதா என்று கதை தீர்ப்பு எழுதவில்லை. ஒரு நாகரிகத்தைக் காப்பாற்ற முடியாமல் போனாலும் ஒரு மனிதருக்கு நீ உதவினாய் என்று டாக்டர் சமாதானம் சொல்கிறார். பார்பராவின் முகத்தைப் பார்த்தால் அந்தச் சமாதானம் போதவில்லை என்று தெரிகிறது. பார்பராவாக நடித்த ஜாக்குலின் ஹில் அந்த முகத்தை வசனம் இல்லாமலே காட்டிவிடுகிறார்.

இந்தக் கதை எழுதப்பட்ட நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'டாக்டர் ஹூ' தொடங்கி மூன்று வாரம்கூட ஆகாதபோது, 1963 டிசம்பர் 12 அன்று, கென்யா பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. ஊர் ஊராகக் கொடி இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது லண்டன் ஆசிரியை ஒருவர், அடுத்த நாட்டுக்காரர்களின் காட்டுமிராண்டி வழக்கத்தை அவர்கள் நன்மைக்காகவே மேலிருந்து ஒரு கட்டளை போட்டு நிறுத்தப் பார்க்கிறார், தோற்கிறார். லூக்கரோட்டி பேரரசை மனதில் வைத்துத்தான் எழுதினாரா என்பதற்குக் கதைக்குள் சாட்சி இல்லை. பேரரசின் நடுவிலிருந்து வந்த கதை என்பதை மறந்து பார்ப்பதும் கடினம்.

பார்பராவின் வரலாற்றுப் பாடம் எவ்வளவு சரி? இங்கே டீச்சருக்கு முழு மதிப்பெண் போட முடியாது.

எர்னான் கோர்டெஸ் 1519இல் மெக்சிகோ கரையில் இறங்கினார். அவரோடு வந்த வீரர்கள் சில நூறு பேர்தான். அதே ஆண்டு நவம்பர் 8 அன்று டெனோச்டிட்லானுக்குள் நுழைந்து மன்னர் மொக்டெசுமாவைச் சந்தித்தார். ஏரி நடுவே தீவில் எழுந்த அந்த நகரத்தின் அளவையும் சந்தையையும் பார்த்து ஸ்பானியர் வாய்பிளந்ததை அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல பக்கத்தை அவர்கள் பார்க்காமல் இல்லை. பார்த்தார்கள், வியந்தார்கள், பிறகும் இடித்தார்கள். தங்கம் வேண்டியிருந்தது, நிலம் வேண்டியிருந்தது. அஸ்டெக்குகளுக்குக் கப்பம் கட்டிக் கட்டி வெறுத்துப் போயிருந்த அண்டை மக்கள், முக்கியமாக த்லாஷ்கலாக்காரர்கள், ஆயிரக்கணக்கில் கோர்டெஸோடு சேர்ந்து போரிட்டார்கள். 1520இல் பெரியம்மை நகருக்குள் புகுந்தது. மொக்டெசுமாவுக்குப் பின் வந்த மன்னர் குயிட்லாவக்கையும் அது விட்டுவைக்கவில்லை. 1521 ஆகஸ்ட் 13 அன்று நகரம் விழுந்தது.

நரபலி அந்தப் படையெடுப்புக்குக் காரணமாக இருந்ததைவிட, அதை நியாயப்படுத்தவே அதிகம் பயன்பட்டது. 1550இல் ஸ்பெயினின் வல்லடோலிட் நகரில் ஒரு பெரிய விவாதம் நடந்தது. அமெரிக்க மண்ணின் மக்கள்மேல் போர் தொடுத்தது சரிதான் என்று வாதிட்ட செபுல்வேடா, அதற்குக் காரணங்களில் ஒன்றாக நரபலியைக் காட்டினார். எதிர்த்து நின்றவர் பார்தொலொமே டி லாஸ் காசாஸ் என்ற பாதிரியார். கரீபியன் தீவுகளில் டைனோ மக்கள் அழிந்ததை அவர் தன் கண்ணால் பார்த்தவர். அந்த மக்கள் கோயில் உச்சியில் யார் நெஞ்சையும் பிளக்கவில்லை. ஆனாலும் கொலம்பஸ் வந்த சில பத்தாண்டுகளில் கிட்டத்தட்ட இல்லாமல் போனார்கள். ஆகவே பார்பரா நரபலியை நிறுத்தியிருந்தாலும் டெனோச்டிட்லான் தப்பியிருக்காது. கால விதிகளைப் பற்றி டாக்டர் கத்தியிருக்கவே வேண்டாம். இந்த ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லியிருந்தாலே போதும். ஆனால் 1964இல் பிரிட்டிஷ் பாடப்புத்தகம் படித்து வளர்ந்த யாருக்கும் அது எளிதில் தோன்றியிருக்காது என்பதே உண்மை.

லூக்கரோட்டி சரியாகப் பிடித்த இடங்களும் உண்டு. கதையில் 'முழுமையான பலியாள்' என்று ஒருவன் வருகிறான். சாகும் நாள்வரை அவன் கேட்பது எதையும் மறுக்கக் கூடாது. அவன் சூசனை மனைவியாகக் கேட்டு வைக்கிறான். இது எழுத்தாளரின் கற்பனை என்று நினைத்தால் தவறு. டோஷ்கட்ல் என்ற அஸ்டெக் திருவிழாவில், டெஸ்கட்லிபோகா தெய்வத்தின் உருவாக ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுத்து ஓராண்டு முழுக்க ராஜ மரியாதையோடு வைத்திருப்பார்கள். குழல் ஊதியபடி தெருவில் போவான், மக்கள் வணங்குவார்கள். கடைசி இருபது நாட்களுக்கு நான்கு மனைவிகள். பலி நாளன்று கோயில் படிகளில் ஏறும்போது தன் குழல்களை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே போவான். ஸ்பானியத் துறவி சஹகூன் அஸ்டெக் முதியவர்களிடம் கேட்டு எழுதி வைத்த பெருநூலில் இது இருக்கிறது. அதே டோஷ்கட்ல் திருவிழாவில்தான் 1520 மே மாதம், கோர்டெஸ் ஊரில் இல்லாத நேரத்தில், அவருடைய தளபதி பெத்ரோ டி அல்வராதோ ஆயுதமில்லாமல் ஆடிக்கொண்டிருந்த அஸ்டெக் பிரபுக்களைக் கோயில் வளாகத்திலேயே வெட்டிச் சாய்த்தார். பார்பராவும் டாக்டரும் சண்டை போட்ட கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பின்குறிப்பு கிடைக்காது.

கதையில் சூசனைத் திருத்த, முட்களால் நாக்கையும் காதையும் குத்தும் தண்டனை என்று பயமுறுத்துகிறார்கள். கற்றாழை முள்ளால் பிள்ளைகளைக் குத்தித் தண்டிப்பதும் அஸ்டெக் ஓவியச் சுவடிகளில் உள்ளதுதான். டாக்டர் மரத்தில் சக்கரம் செதுக்கிக் கப்பி போட்டுக் கல்லறைக் கதவைத் திறக்கிறார். அந்த ஊருக்குச் சக்கரம் தெரியாது என்பது கதையின் செய்தி. பாதி சரி. மெக்சிகோவில் சக்கரம் வைத்த பழங்கால மண் பொம்மைகள் கிடைத்திருக்கின்றன. சக்கரம் தெரிந்திருந்தது, வண்டி இழுக்கத்தான் மாடும் குதிரையும் இல்லை.

நரபலி எவ்வளவு நடந்தது என்பதில் பழைய ஸ்பானிய எழுத்தாளர்கள் போட்ட பெரும் எண்களை ஆய்வாளர்கள் நம்புவதில்லை. ஆனால் அது கட்டுக்கதை என்றும் இனி யாரும் சொல்ல முடியாது. 1978இல் மெக்சிகோ நகரின் நடுவே மின்வாரியத் தொழிலாளர்கள் பள்ளம் தோண்டியபோது கொயோல்ஷவ்கி தெய்வத்தின் பெரிய வட்டக்கல் தட்டுப்பட்டது. அங்கிருந்து தொடங்கிய அகழாய்வில் டெனோச்டிட்லானின் பெரிய கோயில் வெளியே வந்தது. 2015இல் அதன் அருகில் மண்டையோடுகளால் எழுப்பிய கோபுரம் கிடைத்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட மண்டையோடுகள், அவற்றில் பெண்களுடையதும் குழந்தைகளுடையதும் உண்டு. லூக்கரோட்டி எழுதியபோது இவை எல்லாம் பரபரப்பான தெருக்களுக்கு அடியில் கிடந்தன.

இவ்வளவு கனமான விஷயத்துக்கு நடுவில் ஒரு காதல் நகைச்சுவையும் ஓடுகிறது. முதியோர் இளைப்பாறும் தோட்டத்தில் டாக்டர் கமேகா என்ற பெண்மணியைச் சந்திக்கிறார். கல்லறைக்கு வழி விசாரிக்கத்தான் பேச்சுக் கொடுக்கிறார். அறிவும் கனிவும் உள்ள அந்தப் பெண்ணின் பேச்சு அவருக்குப் பிடித்துப்போகிறது. தன் கையால் கோகோ கலந்து கொடுக்கிறார். அந்த ஊர் வழக்கப்படி அது பெண் கேட்பது என்று கிழவருக்குத் தெரியாது. கமேகா சந்தோஷமாக வாங்கிக் குடிக்கிறார். நிச்சயதார்த்தம் முடிந்தது! இயனிடம் அவர் இதைச் சொல்லும் இடத்தில் ஹார்ட்னெலின் முகத்தில் வெட்கமும் திருட்டுச் சிரிப்பும் போட்டி போடுகின்றன. அஸ்டெக்குகளிடம் கோகோ விதைதான் நாணயம். கோகோ பானம் உயர்குடியினருக்கு உரியது. வெறும் பானத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்க முடியாது. அந்த வேடத்தில் நடித்த மார்கோ வான் டெர் பர்க் கமேகாவைக் கேலிப்பொருளாக விடவில்லை. இவர் என்னை விட்டுப் போகப் போகிறார் என்று தெரிந்தே அவருக்கு உதவுகிறார். கிளம்பும்போது டாக்டர் கமேகா தந்த சின்ன அணிகலனை முதலில் கல்லறையில் வைத்துவிட்டு, பிறகு மனம் கேளாமல் திரும்பி எடுத்துக்கொள்கிறார். தொடரின் தொடக்க காலத்தில் டாக்டர் ஒரு சிடுமூஞ்சிக் கிழவர். அவருக்குள் ஒரு மனிதர் இருப்பது வெளியே தெரிந்த இடங்களில் இது முக்கியமானது.

இதையெல்லாம் எடுத்தது லண்டனில், ஸ்டுடியோவுக்குள். முதல் இரண்டு பகுதிகள் லைம் குரோவ் ஸ்டுடியோவில். இடம் குறுகல், விளக்குச் சூடு தாங்காது. ஒரு பகுதிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் பவுண்டுதான் செலவுக்கு. வாரம் முழுக்க ஒத்திகை பார்த்து, ஒரே மாலையில், கிட்டத்தட்ட நேரடி நாடகம் போல எடுத்து முடிக்க வேண்டும். ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது செலவு என்பதால் சின்னத் தவறுகளை அப்படியே விட்டுவிடுவார்கள். கோயில் உச்சியில் நிற்பவர்களுக்குப் பின்னால் தெரியும் நகரமும் வானமும் தீட்டிய திரை. நடிகரின் நிழல் வானத்தில் விழும். இருந்தும் கலை இயக்குநர் பாரி நியூபெரியின் கோயிலும் கல்லறையும், டாஃப்னி டேரின் இறகு உடைகளும் கறுப்பு வெள்ளையில் எடுபடுகின்றன. இசை ரிச்சர்ட் ராட்னி பென்னெட். பின்னாளில் பெரிய திரைப்படங்களுக்கு இசையமைத்துப் பேர் வாங்கியவர். சூசனாக நடித்த கரோல் ஆன் ஃபோர்டு நடுவில் விடுமுறைக்குப் போய்விட்டார். அதற்காகத்தான் கதையில் சூசனை மாணவியர் விடுதிக்கு அனுப்பினார்கள். அவர் வரும் துண்டுக் காட்சிகளை முன்கூட்டியே பிலிமில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். கதைக்குள் இந்த ஓட்டை தெரியவே தெரியாது.

தெரியும் ஓட்டை வேறு. அஸ்டெக்காக வருபவர்கள் வெள்ளை நடிகர்கள், மெக்சிகோக்காரர்களோ பழங்குடியினரோ இல்லை. ஷேக்ஸ்பியர் நாடக ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு மக்களின் மனதைப் புரிந்துகொள்ளாமல் அவர்களைக் காப்பாற்றப் பார்ப்பதன் அபத்தத்தைச் சொல்லும் கதையிலேயே அந்த மக்கள் ஒருவரும் இல்லை என்பது உறுத்துகிறது.

சராசரியாக 75 லட்சம் பேர் பார்த்தார்கள். மோசமில்லை. ஆனாலும் டாலெக் வந்தால் கூடும் கூட்டம் வரலாற்றுக்குக் கூடவில்லை. பிரெஞ்சுப் புரட்சி, ரோமாபுரி, சிலுவைப் போர் என்று சில கதைகள் வந்தன. 1965இல் 'தி டைம் மெட்லர்' கதையில் டாக்டரின் இனத்தைச் சேர்ந்த இன்னொருவன் 1066இல் இறங்கி ஹேஸ்டிங்ஸ் போரின் முடிவையே மாற்றப் பார்த்தான். வரலாற்றை மாற்றவே முடியாது என்ற 'தி அஸ்டெக்ஸ்' விதி அங்கே சத்தமில்லாமல் மாறிவிட்டது: மாற்றலாம், மாற்றக் கூடாது. பழைய காலத்தில் அறிவியல் சாமான்களும் வேற்றுக்கிரகவாசிகளும் நடமாடும் கதைகளுக்கு அதுவே வழி திறந்தது. 1966 டிசம்பரில் தொடங்கி 1967 ஜனவரியில் முடிந்த 'தி ஹைலேண்டர்ஸ்' கதையோடு கலப்பில்லாத வரலாற்றுக் கதைகள் நின்றன. 1982இல் 'பிளாக் ஆர்க்கிட்' என்று ஒன்றே ஒன்று திரும்பி வந்தது. அதிலும் வரலாற்றுச் சம்பவம் எதுவும் கிடையாது, 1925ஆம் ஆண்டு மாளிகை ஒன்றில் ஒரு மர்மக்கதை, அவ்வளவே.

கேள்வி மட்டும் சாகவில்லை. 2008இல் வந்த 'பொம்பெயியின் நெருப்பு' கதையில், எரிமலை வெடிக்கப் போகும் ஊரில் ஒரு குடும்பத்தையாவது காப்பாற்று என்று டாக்டரோடு பயணம் செய்யும் டோனா அவரிடம் கெஞ்சுவார். டாக்டர் இறங்கி வருவார். பார்பராவுக்குக் கிடைக்காத சலுகை நாற்பத்து நான்கு ஆண்டு கழித்து டோனாவுக்குக் கிடைத்தது. நமக்கு இன்னும் அருகில் வருவது 2018 நவம்பரில் வந்த 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்'. எழுதியவர் வினய் பட்டேல். டாக்டரோடு பயணம் செய்யும் யாஸ், தன் பாட்டியின் இளமைக் கதையைப் பார்க்க 1947 பிரிவினை நாட்களுக்குப் போகிறார். இந்து மாப்பிள்ளை பிரேம், முஸ்லிம் மணப்பெண் உம்ப்ரீன் (யாஸின் பாட்டி), எல்லைக்கோடு இரண்டு வீட்டுக்கும் நடுவே. பிரேம் கொல்லப்பட வேண்டும். இல்லாவிட்டால் யாஸ் பிறக்கவே மாட்டார். கொலைகாரர்கள் என்று நினைத்த வேற்றுக்கிரகவாசிகள், யாருமில்லாமல் சாகிறவர்களுக்குத் துக்கம் காக்க வந்தவர்கள் என்று பிறகு தெரிகிறது. கொல்வது சொந்தத் தம்பி கூட்டிவந்த கூட்டம். டாக்டரும் நண்பர்களும் துப்பாக்கிச் சத்தம் கேட்கக் கேட்கத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோகிறார்கள். அந்தக் கதையில் விண்வெளிச் சமாசாரத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது 'தி அஸ்டெக்ஸ்'தான்.

நடித்தவர்களின் பின்கதையும் சுவையானது. இயனாக வந்த வில்லியம் ரஸ்ஸல், 57 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2022இல் அதே பாத்திரமாக ஒரு நொடி தோன்றிக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார். 2024இல் தம் 99ஆம் வயதில் காலமானார். ஜாக்குலின் ஹில் 1980இல் இதே தொடரில் 'மெக்லோஸ்' கதைக்காகத் திரும்பி வந்தார். இந்த முறை வேறு பாத்திரம்: டாக்டரைப் பலி கொடுக்கச் சொல்லும் ஒரு மதக்கூட்டத்தின் தலைவி!

பிபிசி அந்தக் காலத்தில் ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது. 1960களின் 'டாக்டர் ஹூ' பகுதிகளில் ஏறத்தாழ நூறு அப்படிக் காணாமல் போயின. லூக்கரோட்டியின் 'மார்கோ போலோ'வில் படச்சுருள் ஒன்றுகூட மிஞ்சவில்லை, ஒலி மட்டும் இருக்கிறது. 'தி அஸ்டெக்ஸ்' நான்கு பகுதிகளும் தப்பித்தன. வெளிநாட்டு விற்பனைக்கு எடுத்த பிலிம் நகல்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். மெருகேற்றிய டிவிடியும் வந்திருக்கிறது. மொத்தம் நூறு நிமிடம், ரத்தம் தெறிக்கும் காட்சி ஒன்றும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். முதல் பகுதியில் அந்த இளைஞன் குதிக்கும் இடத்தில் நிறுத்தி, டீச்சர் செய்தது சரியா என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நான்காம் பகுதி முடிந்ததும் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.